நாலு வெள்ளி ரசிகர்கள்

சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பியவர் யாரையாவது பிடித்து, "அங்கே சீனர் கடையில் மீ சாப்பிட்டீர்களாமே, எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "நாலரை வெள்ளிதான் ஸார்!" என்பார். நாம் கேட்டது ருசியை. அவர் சொன்னது விலையை. போனவர் வெளியூர்க்காரர், கணக்குப் பார்க்கிறார் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவரும் விருந்தாளியை அழைத்துப் போய் உட்கார வைத்து, முதல் வாய் உள்ளே போவதற்கு முன்பே, "இந்த விலைக்கு உலகத்தில் வேறெங்கே கிடைக்கும், சொல்லுங்கள்!" என்றுதான் மார்தட்டுகிறார்.

இந்தப் புகழ்ச்சியைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. புகழ்ச்சி என்ற பெயரில் நடக்கும் அவமதிப்பு இது என்பது என் கட்சி. ஒரு சங்கீத வித்வானின் கச்சேரிக்குப் போய்விட்டு வந்து, "டிக்கெட் ரொம்ப மலிவு" என்று சொல்கிறவனை நாம் என்னவென்று நினைப்போம்? ஒரு பொருள் மலிவாக இருக்கிறதென்றால், யாரோ ஒருவர் தம் கையிலிருந்து போட்டுத்தான் அதை மலிவாக்கியிருக்கிறார். போட்டவர் யார் என்று கேட்காமல் கொண்டாடுகிறவனை ரசிகன் என்று சொல்ல என் நாக்கு கூசுகிறது.

என் மகள் குடும்பம் அங்கே இருப்பதால், சில வருஷங்களாக ஆண்டில் இரண்டு மூன்று மாதம் எனக்கு அந்த ஊரில் கழிகிறது. வீட்டுக்குக் கீழே இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால் ஓர் உணவங்காடி நிலையம். கூரை உண்டு, சுவர் கிடையாது. தரையில் பிணைத்த மேஜை, நாற்காலி. சுற்றிலும் பத்தடி அகலத்தில் கடைகள். மேஜைமேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அந்த இடம் வேறொருவருடையது என்று அர்த்தம். அங்கே அது எழுதாத சட்டம். காலை ஒன்பது மணிக்குப் போய் ஒரு கோப்பை மீயும் ஒரு கோப்பியும் வைத்துக்கொண்டு உட்காருவது என் வழக்கம். உட்கார்ந்து சும்மா சாப்பிடுவதில்லை, பார்க்கிறேன். நாவல் எழுதுகிறவனுக்கு அது ஒரு வியாதி.

பார்த்ததைச் சொல்கிறேன். நாலரை வெள்ளி என்பது என்ன என்று அப்போதுதான் விளங்கும்.

முதலில் மீ. கோதுமை மாவில் காரம் சேர்த்துப் பிசைந்து இழுத்தது. நாம் அப்பளத்துக்குக் காரம் போடுகிறோமே, அதே தத்துவம். அந்தக் காரம்தான் மீக்கு மஞ்சள் நிறத்தையும் பல்லுக்கு எதிர்த்து நிற்கும் விறைப்பையும் கொடுக்கிறது. மெல்லிய இழையாக இருந்தால் மீ கியா. நாடாப் போலத் தட்டையாக இருந்தால் மீ போக். நீளக் கைப்பிடி வைத்த கம்பிக் கரண்டியில் ஒரு பிடியை அள்ளிக் கொதிநீரில் முக்குகிறார் கடைக்காரர். சில விநாடி. எடுத்துக் குளிர்ந்த நீரில் ஒரு முழுக்கு. மறுபடியும் கொதிநீர். ஓங்கி ஓர் உதறல். கடிகாரம் எதுவும் அவர் பார்ப்பதில்லை, கைதான் கடிகாரம். பத்து விநாடி கூடினால் மீ குழைந்து கூழாகும்; குறைந்தால் மாவு வாடை அடிக்கும். கோப்பையின் அடியில் முன்பே மிளகாய் விழுது, கறுப்புக் காடி, சோயா, பன்றிக் கொழுப்பு எல்லாம் அளவாக விழுந்திருக்கும். அதன்மேல் மீயைக் கவிழ்த்து, கொத்திய இறைச்சியை அள்ளிப் போட்டால், அதுதான் பாக் சோர் மீ. தியோச்சூச் சீனர்கள் அந்த ஊருக்குக் கொடுத்த கொடை. காடியின் புளிப்பு முன்னே வரும், மிளகாய் பின்னே வரும், கொழுப்பு இரண்டையும் சமாதானம் செய்துவைக்கும்.

பன்றி இறைச்சி என்றதும் முகம் சுளிக்கும் வாசகர் இருந்தால், அவருக்கு மீன் உருண்டையைப் பற்றிச் சொல்கிறேன். முறையாகச் செய்கிறவர்கள் விடியும் முன்பே மீனைப் பிளந்து, முள்ளோடு ஒட்டிய சதையைக் கரண்டியால் சுரண்டி எடுப்பார்கள். உப்பு நீர் தெளித்துக் கிளறி, அந்த விழுதைப் பாத்திரத்தில் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். தோள் கழன்றுபோகும் வேலை. அடித்து அடித்துத்தான் அதற்குத் துள்ளல் வருகிறது. பிறகு இடது கைக்குள் விழுதை வைத்துப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி, கரண்டியால் வழித்து நீரில் போடுகிறார்கள். அதே மீன் விழுதை மெல்லிய தோலாகத் தட்டி, உள்ளே இறைச்சி வைத்து மடித்தால் ஒரு வகைக் கொழுக்கட்டை. நம் கொழுக்கட்டைக்கு அரிசி மாவு மேல்தோல். இதற்கு மீனே மேல்தோல். இதை முதலில் நினைத்துப் பார்த்தவன் யாரோ, அவனுக்கு ஒரு சிலை வைக்கலாம்.

அடுத்த கடையில் சுவீ குவே. தண்ணீர்ப் பலகாரம் என்று பொருள். அரிசி மாவை நீர்க்கக் கரைத்துச் சிறு கிண்ணங்களில் ஊற்றி ஆவியில் வேக வைத்தது. இட்லியின் தூரத்து உறவு என்று சொல்லலாம், ஆனால் உளுந்தும் இல்லை, புளிப்பும் இல்லை. வெந்ததும் நடுவில் ஒரு குழி விழும். அந்தக் குழியில், உப்பில் போட்டு வைத்த முள்ளங்கியைப் பொடியாக அரிந்து எண்ணெயில் நிதானமாக வதக்கியதை வைத்துக் கொடுப்பார்கள். வெறும் அரிசி, வெறும் முள்ளங்கி. வாயில் போட்டால் பெரிய விருந்து. அதே முள்ளங்கியையும் அரிசி மாவையும் சேர்த்து அவித்து, துண்டு போட்டு, முட்டையோடு வறுத்தால் சாய் தாவ் குவே. இங்கிலீஷில் அதன் பெயர் 'கேரட் கேக்'. கேரட்டும் கிடையாது, கேக்கும் கிடையாது. ஹொக்கியன்காரர் கொண்டுவந்த பொப்பியா, ஆமை ஓட்டு வடிவத்தில் சிவப்பாக அச்சில் வார்த்த அங் கூ குவே என்று இந்தப் பட்டியல் நீளும். தியோச்சூ, ஹொக்கியன், ஹாக்கா, ஹைனான், காண்டன் என்று கப்பலேறி வந்த ஒவ்வொரு கூட்டமும் பெட்டியில் துணி கொண்டுவந்ததோ இல்லையோ, நாக்கில் தன் ஊரைக் கொண்டுவந்தது. 'சீனச் சாப்பாடு' என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிட முடியாத சமாசாரம்.

இவ்வளவும் நாலு வெள்ளி, ஐந்து வெள்ளி.

இப்போது அதே ஊரில் குளிர்சாதனம் செய்த ஒரு பேரங்காடிக்குள் வாருங்கள். இத்தாலியக்காரன் பெயரில் ஸ்பகெட்டி, இருபது வெள்ளிக்கு மேல். ஜப்பான்காரன் பெயரில் ராமென், பதினைந்து வெள்ளிக்கு மேல். இரண்டும் மாவை இழையாக்கி வெந்நீரில் போட்ட பண்டம்தான். ராமெனோ சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன பிள்ளை. இந்த மீக்குச் சித்தப்பா மகன் என்றே சொல்லலாம். அங்கே யாரும் முணுமுணுப்பதில்லை. பணத்தைக் கட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கீழே கிழவர் தம் மீக்கு ஐம்பது காசு ஏற்றினால் மட்டும் உலகம் இடிந்து விழுகிறது. நான் கேட்கிறேன்: மாவு என்ன பாவம் செய்தது? இல்லை, கிழவர் என்ன பாவம் செய்தார்? நாற்காலிக்கு மெத்தை இல்லை, பரிமாறுகிறவனுக்குக் கழுத்துப் பட்டி இல்லை என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம்? சாப்பாட்டிலும் மேல் ஜாதி, கீழ் ஜாதி பிரித்துவைத்திருக்கிறோம். பிரித்தது நாக்கு இல்லை. கௌரவ ஆசைதான் பிரித்தது.

ஐம்பது காசு என்றேனே, அது கற்பனை இல்லை. நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் புருஷனும் பெண்சாதியும் இருவர்தான். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது; நான் அவரை அங்கிள் என்கிறேன், அவர் என்னை அங்கிள் என்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள், விலைப் பலகையில் நாலு வெள்ளியின்மேல் காகிதம் ஒட்டி நாலரை என்று எழுதியிருந்தார். அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஓர் இளைஞன் வந்தான். கையில் ஒரு குளிர்பானக் கோப்பை. அதன் விலை ஆறு வெள்ளி சொச்சம் என்பது எனக்குத் தெரியும். என் பேத்தியும் அதைத்தான் வாங்குகிறாள். "என்ன அங்கிள், திடீரென்று ஏற்றிவிட்டீர்களே, நியாயமா?" என்றான். கிழவர் மீயை உதறிக்கொண்டே, "மீன் ஏறியது, எண்ணெய் ஏறியது, கேஸ் ஏறியது. நான் மட்டும் ஏறக் கூடாதா?" என்றார். இளைஞன் விடவில்லை. பக்கத்தில் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்த அம்மாள், பேச்சை முடிக்க, பெட்டியிலிருந்து ஐம்பது காசை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டான் என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மறு வருஷம் போனபோது அந்த அம்மாள் கொழுக்கட்டை மடிக்கவில்லை. விரல்கள் வீங்கிவிட்டன. தொழிற்சாலையிலிருந்து உறைந்து வருகிற கொழுக்கட்டையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார்கள். பழைய வாடிக்கைக்காரர்கள் சப்புக்கொட்டிவிட்டு, "அந்த ருசி போய்விட்டது" என்று பெருமூச்சு விட்டார்கள். ஐம்பது காசு கூடக் கொடுத்து ஓர் ஆளை உதவிக்கு வைத்துக்கொள்ள விடாதவர்கள் இவர்கள். ருசியைக் கழுத்தை நெரித்தவனே அதற்கு ஒப்பாரியும் வைப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

இங்கே ஒருவர் எழுந்து, "ஏழைகள் என்ன செய்வார்கள்? உணவங்காடியே சாமான்யனுக்காகத்தானே?" என்று கேட்பார். நல்ல கேள்வி. மதித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அந்த ஊரில் ஒரு காலத்தில் தோளில் காவடி போலச் சுமை தூக்கியும், தள்ளுவண்டியிலும், தெருவோரத்திலும் விற்றார்கள். மூங்கில் துண்டுகளை 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டு மீ விற்பவனின் பையன் தெருத் தெருவாகப் போவான். அதனால் அந்த மீக்கே 'டொக் டொக் மீ' என்று பெயர். 1968-69இல் அரசாங்கம் தெரு வியாபாரிகளைப் பதிவு செய்தது. ஏறக்குறைய 18,000 பேர். 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டி அவர்களைக் குடியேற்றியது. குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் வந்தன, சுத்தம் வந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. அடுக்கு வீடுகள் எழுந்தன. ஆணும் பெண்ணும் வேலைக்குப் போனார்கள். வீட்டில் அடுப்பு மூட்டாமலே ஒரு நகரம் வயிறு நிறைந்து உழைத்தது. அந்த நகரத்தின் செல்வத்தில் இந்த மீக் கோப்பைக்கும் பங்கு உண்டு.

ஆக, நகரம்தான் கிழவருக்குக் கடன்பட்டிருக்கிறது. ஏழைக்குச் சோறு போடுவது தர்மம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தர்மத்தைச் செய்ய வேண்டியது யார்? வரி வாங்குகிற அரசும் வசதி படைத்த சமூகமும் செய்ய வேண்டியதை, பத்தடிக் கடையில் நிற்கும் இரண்டு கிழடுகளின் தலையில் ஏற்றிவிட்டு, "ஆகா, என்ன மலிவு!" என்பது எந்த ஊர் தர்மம்? அரசு இரண்டு விதமாகவும் நடந்து பார்க்கிறது. குடும்பங்களுக்குப் பற்றுச்சீட்டு கொடுத்து, அதில் ஒரு பகுதியை அங்காடிக் கடையிலும் அக்கம்பக்கக் கடையிலும் செலவழிக்கச் செய்கிறது. இது நேர்வழி. ஏழை கையில் காசு வருகிறது, கடைக்காரர் கைக்கு முழு விலை வருகிறது. இன்னொரு பக்கம், வீடமைப்புக் கழகம் வாடகைக்கு விட்டிருக்கும் கோப்பிக் கடைகள் குத்தகையைப் புதுப்பிக்கும்போது மலிவு விலைச் சாப்பாடு சிலவற்றை வைத்தே ஆக வேண்டும் என்று 2023 முதல் ஒரு நிபந்தனை. தானத்தின் புண்ணியம் சட்டம் போட்டவருக்கு. செலவு சட்டியைக் கிளறுபவருக்கு. இந்த இரண்டாவது வழிதான் எனக்கு உறுத்துகிறது.

தவிரவும், அந்த இளைஞனா ஏழை? ஏழையைக் காட்டி வாதாடுகிறவர்களில் பாதிப்பேர் மாதச் சம்பளக்காரர்கள். வேலை நாள் இருபதிலும் கிழவர் கடையில் சாப்பிட்டால் ஐம்பது காசு ஏற்றத்தால் மாதம் பத்து வெள்ளி கூடுதல் செலவு. ஒரு ராமென் விலைகூட இல்லை. ஏழையின் பெயரைச் சொல்லித் தன் பைக்குள் பத்து வெள்ளியை மிச்சம் பிடிப்பது கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய காரியம்.

விலை ஏறக் கூடாது என்கிறவர்கள், கடைக்காரர் கொடுக்க வேண்டியவை மட்டும் ஏறலாம் என்கிறார்களா? பொருள் சேவை வரி 2023இல் எட்டு சதவீதம், 2024இல் ஒன்பது. தெருவிலிருந்து வந்த பழைய தலைமுறைக்குச் சலுகை வாடகை உண்டு. புதிதாக வருகிறவர் ஏலம் கேட்க வேண்டும். 2024இல் மரின் பரேட் வட்டாரத்தில் ஒரு கடைக்கு மாத வாடகை 10,000 வெள்ளிக்கு மேல் ஏலம் கேட்கப்பட்டது. எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. பெரும்பாலானவை அதில் ஒரு சிறு பகுதிதான். ஆனால் பத்தாயிரம் கொடுப்பவர் நாலரை வெள்ளிக்கு மீ விற்றால் எத்தனை கோப்பை விற்க வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பையனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். வாடகைக்கு மட்டும் இரண்டாயிரத்து இருநூறு கோப்பைக்கு மேல் வரும். மாவும் மீனும் கேஸும் அதற்கப்புறம்.

இன்னொரு கூட்டம் உண்டு. அவர்கள் அழகாகப் பேசுவார்கள். "அவர் காசுக்காகவா செய்கிறார்? அது ஒரு தவம் ஸார், அன்பினால் செய்கிறார்" என்பார்கள். இந்த வசனம் எனக்குப் பழக்கமானது. என் கதைகளைப் போட்டுக்கொண்டு சன்மானம் அனுப்ப மறந்த ஒரு பத்திரிகைக்காரர் இதையே என்னிடம் சொல்லியிருக்கிறார்: "எழுத்து ஒரு தவமில்லையா?" தவம்தான். ஆனால் தவம் செய்கிறவனுக்கும் வீட்டு வாடகை உண்டு. அவர் தம் அச்சகத்துக்காரருக்கும் காகிதக் கடைக்காரருக்கும் தவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ததாக நான் கேள்விப்படவில்லை. ஒருவனுடைய அன்பைக் காரணம் காட்டி அவன் கூலியைக் குறைப்பது மகா பாவம். அன்பாகச் செய்கிறவனுக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் தகும்.

இந்தப் புகழ் எல்லாம் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். 2016இல் மிஷெலின்காரர்கள் முதல் தடவையாகச் சிங்கப்பூருக்கு வந்து, இரண்டு அங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்தார்கள். ஒன்று பாக் சோர் மீக் கடை. இன்னொன்று சோயாவில் வேகவைத்த கோழியைச் சோற்றோடும் மீயோடும் விற்கிற கடை. உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. என்ன எழுதின? உலகத்திலேயே மிகவும் மலிவான நட்சத்திரச் சாப்பாடு என்று எழுதின! ஒரு மனிதர் எத்தனையோ வருஷம் அடுப்பருகே நின்று பழகிய கைவண்ணம், அந்தத் தலைப்பில் இரண்டு வெள்ளியாகச் சுருங்கிவிட்டது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோவும் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. கொடி கட்டினார்கள், சுவரில் சித்திரம் எழுதினார்கள். அங்காடிக்காரர்களின் நடுத்தர வயதோ அறுபதை ஒட்டி நிற்கிறது. பிள்ளைகள் வருவதில்லை என்று குறைப்படுகிறார்கள். ஏன் வர வேண்டும்? அப்பா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்ததை அந்தப் பிள்ளை படுக்கையிலிருந்து பார்த்திருக்கிறது. அம்மாள் ஐம்பது காசைத் திருப்பிக் கொடுத்ததையும் பார்த்திருக்கும்.

நம்மவர் இதைச் சீனர் விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. அந்த ஊர் சினிமாக் கொட்டகை வாசல்களில் ஒரு காலத்தில் தமிழர்கள் கச்சான் பூத்தே விற்றார்கள். கடலை, பட்டாணி, முறுக்கு வகைகளைத் தட்டில் அடுக்கித் தலையில் சுமந்து, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிச் சில காசுக்குப் போட்டுக் கொடுப்பார்கள். சீனக் குழந்தையும் மலாய்க் குழந்தையும் தின்று வளர்ந்த பண்டம். அதுவும் மலிவு என்றுதான் புகழப்பட்டது. இன்று அந்தத் தலைச்சுமைக்காரரைத் தேடிப் பாருங்கள்; விரல்விட்டு எண்ணக்கூட ஆள் கிடைக்காது. அதே ஜனங்கள் இன்று குளிர்சாதனக் கொட்டகையில் பல வெள்ளி கொடுத்துச் சோளப்பொரி வாங்கிக் கொறிக்கிறார்கள். அந்தக் கடைகளில் தமிழ் முஸ்லிம்கள் வறுத்துக் கொடுக்கும் மீ கோரேங்கும் சீனர் இழைத்த அந்த மஞ்சள் மீயில்தான் உருவானது. நம் மசாலாவும் அவர்கள் மீயும் கலந்து பிறந்த அந்தப் பிள்ளைக்கும் இதே கதிதான் காத்திருக்கிறது.

ஆகையால் நான் சொல்வது இவ்வளவுதான். இனி அந்த ஊருக்குப் போகிறவர்கள், மீ சாப்பிட்டால் மீயைப் பற்றிப் பேசுங்கள். காடி எவ்வளவு புளித்தது, மீன் உருண்டை துள்ளியதா, சுவீ குவே நாக்கில் கரைந்ததா, அதைச் சொல்லுங்கள். நன்றாயில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். கடைக்காரருக்கு அதுகூட மரியாதைதான். பலகையில் புதிய விலையைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு கொடுங்கள். கொடுக்க முடியாதவர் கொடுக்க வேண்டாம். அவருக்காக அரசிடம் நாம் சண்டை போடுவோம். கொடுக்க முடிந்தும் முணுமுணுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கிழவர் கடையை மூடுகிற அன்று தயவுசெய்து மாலையோடு வந்து நிற்காதீர்கள். மாலைக்குக் கொடுக்கும் காசை இன்றைக்கே மீக்குக் கொடுத்துவிடுங்கள்.